ரேடியோவுக்குப் பின்னால் ஒரு கேசட்

குணா,

உன் கடிதம் நேற்று வந்தது. கட்டம் போட்ட தாளில் மூன்று பக்கம். பினாங்கில் ஓயாத மழை, அறையில் உன்னோடு மூன்று பேர், தொழிற்சாலையில் கொடுத்த நீலச் சட்டைக்குக் கை நீளம், கேன்டீன் சாப்பாட்டில் உப்பே கிடையாது. உன் அம்மா சத்தமாக வாசித்தாள், நான் கேட்டேன். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். உங்கள் லைனுக்குத் தலைவனாக இருப்பவனுக்கு இருபத்தொரு வயசு, பயிற்சிப் பள்ளியில் படித்து வந்தவன், நல்ல பையன், பொறுமையாகச் சொல்லித் தருகிறான் என்று. உன் அம்மா அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். உனக்கு இருபத்தைந்து முடிந்துவிட்டது. உனக்குக் கீழே இருக்க வேண்டியவன் உனக்கு மேலே இருக்கிறான் என்றால், அதற்குக் காரணம் அவனும் இல்லை, நீயும் இல்லை.

நேரில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன். நேரில் சொல்ல வராது. முப்பது வருஷம் லோரி ஓட்டியவனுக்கு மெல்லப் பேசத் தெரியாது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டில் உப்பு கேட்டாலும் சண்டைக்குக் கூப்பிடுவது போலத்தான் கேட்பேன். நீ சின்ன வயசில் இருந்தே என்னிடம் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. பாதியில் நான் கத்துவேன், நீ நிறுத்திக்கொள்வாய், விஷயம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன். இந்தக் கடிதம் அப்படி நிறுத்திய ஒன்றைப் பற்றியது. காரில் நீ வாக்மேனை ரேடியோவோடு சேர்த்துவிட்டாயே, அதைப் பற்றியது. நீ மறந்திருக்க மாட்டாய்.

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் வாயால் ஒருமுறைகூட நீ கேட்டதில்லை. அது எண்பத்து மூன்றாம் வருஷம். எனக்கு அந்த டிசம்பரோடு ஐம்பத்தைந்து முடிகிறது. தோட்டத்துச் சட்டம் உனக்குத் தெரியும். வேலை இருக்கிறவரைக்கும்தான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு. வயசு முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும், அல்லது வீட்டில் ஒருத்தர் பேராவது செக்ரோலில், அந்த வேலையாள் பேரேட்டில், இருக்க வேண்டும். எங்கே கிளம்புவது? எனக்கு அந்த லயத்தைத் தவிர வேறு கூரை தெரியாது. உன் அம்மா பேரைக் கொடுக்கலாமா என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அவள் பதினான்கு வயசில் இருந்து ரப்பர் எடுக்கப் பால்மரம் வெட்டியவள். எனக்கு லோரி லைசென்ஸ் கிடைத்த அன்றைக்கு லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன், இனிமேல் என் பெண்டாட்டி பேர் செக்ரோலில் இருக்காது என்று. அது எனக்குப் பெரிய பெருமை. சம்பளம் கூடியதைவிட அதுதான் பெருமை.

அந்த அக்டோபரில் ஒரு நாள் ஆபீசுக்குப் போனேன். கணக்கு எழுதுகிற யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா ஒரு பழுப்புக் கவரை எடுத்து நீட்டினார். உன் பேர் போட்டிருந்தது. தபால் எல்லாம் ஆபீசுக்கு வந்துதானே நம் கைக்கு வரும். நானே பிரித்து, மலாய் மொழியில் இருந்ததால் வாசிக்க அவரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உம்மட பொடியன் கெட்டிக்காரன். ரேடியோ, டிவி வேலை படிக்க இடம் கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷம், சாப்பாடும் அங்கயே. ஜனவரியில போய்ச் சேரோணும்” என்றார். எனக்குச் சந்தோஷம் வந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த மூச்சிலேயே அவர் கேட்டார்: “அப்ப செக்ரோலில ஆரின்ர பேரைப் போடுறது?”

“குணா பேரப் போடுங்க ஐயா” என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“பொடியனைக் கேட்டனீரோ?” என்றார். கேட்டுவிட்டேன் என்றேன். அது முதல் பொய்.

கவரைக் கிழித்துப் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. அதில் உன் பேர் அச்சில் இருந்தது. காருக்கு வந்து, டேஷ்போர்டு பெட்டியின் பின்பக்கத்தில் அட்டை கிழிந்து ஒரு ஓட்டை இருக்குமே, அதற்குள் தள்ளிவிட்டேன். அது ரேடியோவுக்குப் பின்னால் போய் விழுந்தது. அதன் பிறகு நீ தினமும் சாயங்காலம் கேட்பாய். “லெட்டர் வந்துச்சாப்பா?” நான் சட்டையைக் கழற்றிக்கொண்டே, “வரல” என்பேன். எத்தனை நாள் கேட்டாய் என்று எனக்கு நினைவில்லை. கேட்பதை நீ நிறுத்திய நாள் நினைவிருக்கிறது. அன்றைக்கு நானே வாயைத் திறந்து, “இன்னும் வரல போல” என்றேன். நீ தலையை ஆட்டினாய்.

நம் காரைப் பற்றி எனக்கு ஒரு மயக்கம் உண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் மாற்றலாகிப் போனபோது எனக்கு விட்டுப் போன பழைய கார், பால் தேத்தண்ணி நிறம். ஒரு பக்கக் கதவை உள்ளே இருந்துதான் திறக்க முடியும். அதில் இருந்த ரேடியோவை ஸ்டீரியோ, ஸ்டீரியோ என்று நான் சொல்லிக்கொண்டாலும் ஸ்பீக்கர் என்னவோ ஒன்றுதான். கேசட் போடுகிற வாய் ஒன்று இருந்தது, ஆனால் போட்ட கேசட்டை எல்லாம் தின்றுவிடும். உள்ளே இருந்து நாடாவைக் குடலை உருவுவது போல உருவி எடுக்க வேண்டும். நீ அப்போது கோலசிலாங்கூரில் அந்தச் சீனர் ரேடியோ கடையில் கையாளாக இருந்தாய். பழுதென்று யாரோ விட்டுப் போன வாக்மேனை நீயே சரிபண்ணிக் கொண்டுவந்தாய். “இத நம்ம காடி ரேடியோவுல சேத்துட்டா கேசட்ட அது திங்காதுப்பா” என்றாய். எனக்கு நம்பிக்கை இல்லை. “இருக்கறதயும் ஒடச்சிறாத” என்று மட்டும் சொன்னேன்.

நீ எப்படிச் செய்தாய் என்று எனக்கு இன்றைக்கும் அப்படியே சொல்ல முடியும், ஏனென்றால் பாதி நேரம் நான் பக்கத்தில் நின்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குமிழ் இரண்டையும் பிடுங்கினாய், நட்டைக் கழற்றினாய், ரேடியோவை முன்னால் இழுத்து மடியில் வைத்து மேல்தகட்டைத் திறந்தாய். சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழுக்குப் பின்னால் மூன்று கால் இருந்தது. “எந்தப் பாட்டா இருந்தாலும் இந்த வழியாத்தான் ஸ்பீக்கருக்குப் போவும். ஓரத்துக் கால்ல நம்ம ஒயர ஒட்டிட்டா முடிஞ்சிச்சி” என்றாய். ஹெட்ஃபோன் ஒயரில் இடது, வலது இரண்டையும் சின்ன ரெசிஸ்டர் வழியாக ஒன்றாக்கி ஓரக்காலில் ஈயம் வைத்து ஒட்டினாய், இன்னொரு ஒயரை ரேடியோ உடம்பில் ஒட்டினாய். ரேடியோவைத் திருப்பி, எந்த ஸ்டேஷனும் எடுக்காத இடத்தில் முள்ளை நிறுத்தச் சொன்னாய். பாட்டு வந்தது. கூடவே எஞ்சின் அழுகிறதும் வந்தது. எண்ணெய்ப் பெடலை மிதிக்க மிதிக்க அழுகை ஏறியது. நான் சிரித்தேன். நீ அசரவில்லை. “காடி கரெண்ட எடுத்தா அப்பிடித்தான். அதோட சொந்த பேட்டரியில ஓடுனா சுத்தமா கேக்கும்” என்று சொல்லி, இரண்டு பேட்டரியைப் போட்டாய். அழுகை நின்றது. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு பெருமை. வாயைத் திறந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நான் லோரி கழுவப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது நீ முன்சீட்டில் ரேடியோவை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஒயர் ஆடாமல் கட்டுவதற்காக உள்ளே கை விட்டிருப்பாய். “முடிஞ்சிச்சா?” என்றேன். “முடிஞ்சிச்சிப்பா” என்றாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. நீ குளிக்கப் போனதும் ஓட்டைக்குள் கை விட்டுப் பார்த்தேன். கவர் அதே இடத்தில் இருந்தது. அப்பாடா, நீ பார்க்கவில்லை என்று நினைத்தேன். பார்த்தவன் பழையபடி வைத்துவிட்டுப் போவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானாக இருந்தால் கத்தியிருப்பேன், அதனால் எல்லோரும் கத்துவார்கள் என்றுதான் என் கணக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் ஜெராமுக்கு மீன் வாங்கப் போனோம். நீயாகவே வருகிறேன் என்றாய். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மெயின் ரோட்டை விட்டுச் எண்ணெய்க்குப் போட்ட செம்பனைக் காட்டுக்குள் இறங்கியதும் செம்மண் ரோடு குழம்பாகிவிட்டது. மெதுவாகப் போகலாம் என்றாய். இந்த ரோட்டில் நான் பத்து டன் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன், எனக்குச் சொல்லித் தருகிறாயா என்றேன். நூறடி போவதற்குள் இரண்டு பின் சக்கரமும் புதைந்துவிட்டது. கதவைத் திறந்தால் சேறு உள்ளே வரும், கண்ணாடியை இறக்கினால் மழை உள்ளே வரும். தோட்டத்து டிராக்டர் ஏதாவது அந்தப் பக்கம் வருகிறவரைக்கும் இருந்துதான் ஆக வேண்டும். கண்ணாடி எல்லாம் மூச்சுப் பட்டு வெளுத்துவிட்டது. மீன் வாடை. உன் பக்கக் கதவு மட்டும்தான் திறக்கும், என் பக்கம் சேற்றில் சாய்ந்து இறுகிவிட்டது. நகரக்கூட இடமில்லை.

“பாட்டு போடவாப்பா?” என்றாய். போடு என்றேன். சட்டைப் பையில் இருந்து ஒரு கேசட்டை எடுத்து வாக்மேனில் போட்டாய். ஒரு சினிமாப் பாட்டு, பாதிதான் ஓடியது. டொக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் உன் குரல் வந்தது.

நீ என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், உன் குரல் என் முழங்காலுக்கு முன்னால் இருந்து பேசுகிறது. “அப்பா, லெட்டர பாத்துட்டேன். ரேடியோவுக்குப் பின்னால இருந்திச்சி. நீங்க செஞ்சது…”

அவ்வளவுதான் கேட்டேன். ஒயரைப் பிடித்து இழுத்தேன். உள்ளே ஒட்டியிருந்த இடத்தோடு பிய்ந்து வந்துவிட்டது.

நான் ஏன் இழுத்தேன் என்று ஆறு வருஷமாக எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்தேன். கோபம், அவமானம், பெற்றவனிடம் பேசுகிற முறையா இது என்ற ரோஷம். எதுவும் நிற்கவில்லை. பயந்தேன், குணா. என் பக்கக் கதவு திறக்காத காரில், தப்பிக்க இடம் இல்லாமல், பெற்ற பிள்ளை என்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று கேட்கப் பயந்தேன். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், அதில் எதுவும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும். டிராக்டர் வந்தது. கயிறு கட்ட நீ இறங்கினாய். அந்தச் சந்தில் நான் கேசட்டை உருவி அதே ஓட்டைக்குள் தள்ளினேன். ஒளித்து வைக்க எனக்கு வேறு இடமே தெரியாது.

ஜனவரியில் முதல் வேலை நாள் காலையில், ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு நீ போய் நின்றாய். கிராணி ஐயா உன் பேரைக் கூப்பிட்டார், நீ கை தூக்கினாய். லோரியில் குலை ஏற்றுகிற வேலை. ஈயம் ஒட்டிய கையில் முள் ஏறியது. கேசட் எங்கே என்று நீ கேட்கவில்லை. ஒயரைத் திரும்ப ஒட்டவும் இல்லை. வாக்மேனை டிராயரில் போட்டு மூடிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சீனர் கடைக்குப் போய்வந்தாய். வீடு நின்றது. அந்தக் கூரைக்குக் கீழே நாம் மூன்று பேரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம், ஒழுங்காகப் பேசினோம், மழை வருமா என்றும் குழம்பில் புளி தூக்கல் என்றும்.

நான் மட்டும் அந்தக் கேசட்டோடு இருந்தேன். காரை எடுக்கும்போதெல்லாம் அது என் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. பள்ளத்தில் இறங்கினால் உள்ளே கடகடக்கும். எறிந்துவிடலாம் என்று இரண்டு தடவை ஆற்றுப் பாலத்தில் நிறுத்தினேன், எறியவில்லை. கேட்கலாம் என்று நினைத்து, அதையும் செய்யவில்லை. நீ முடிக்காத வாக்கியத்தை நானே முடித்துக்கொண்டேன். நீங்க செஞ்சது துரோகம். நீங்க செஞ்சது ஒரு அப்பன் செய்யிற வேலையா. நீங்க செஞ்சதுக்கு ஒங்க முகத்துலயே முழிக்க மாட்டேன். ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்று. நீ சாதாரணமாக, “அப்பா, டீ ஆறுது” என்றால்கூட அதற்குப் பின்னால் அந்த வாக்கியம் நிற்கும். உன்னை நான் லயத்தில் அடைத்து வைத்தேன், அதை மறுக்கவில்லை. ஆனால் நானும் வெளியே இல்லை. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன், இரக்கப்படுவதற்காக இல்லை.

இந்த வருஷம் மலிவு விலை வீடு கிடைத்தது. செக்ரோல் தேவைப்படாத கூரை. அடுத்த மாசமே நீ பினாங்குக்கு எழுதிப் போட்டு வேலை வாங்கிவிட்டாய். பஸ் நிலையத்தில் உன் அம்மா அழுதாள், சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தாள், தலையைத் தடவினாள். நான் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீர் பார்த்தேன். தண்ணீர் சரியாகத்தான் இருந்தது. நீ, “வரேன்பா” என்றாய். “ம்” என்றேன். பஸ் கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் பானெட்டை மூடவில்லை.

நேற்று உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு, இருபத்தொரு வயசுப் பையன் என்ற வரியைத் தாண்ட முடியாமல், போய் டிராயரைத் திறந்தேன். வாக்மேன் இருந்தது. ஈயம் ஒட்டுகிற சோல்டர் கட்டையையும் விட்டுப் போயிருக்கிறாய். காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, கிழிந்த அட்டைக்குள் கை விட்டேன். கேசட் வந்தது, கூடவே அந்தப் பழுப்புக் கவரும் வந்தது. உன் அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். இது என்ன என்று கேட்டாள். இவ்வளவு நாள் கழித்து அவளிடம் கவரை ஒளித்ததைச் சொன்னேன், கேசட்டைக் காரில் கேட்க வேண்டும் என்றேன். அவள் கவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. “வீட்டு ரேடியோவுல போட்டா கேக்காதா?” என்றாள். கேட்கும். ஆனால் நீ அதைக் காரில் கேட்கத்தான் பேசினாய். நான் பிய்த்த இடத்தில் நானே ஒட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

என் கண்ணுக்கு இப்போது பத்திரிகைத் தலைப்பே இரண்டாகத் தெரிகிறது. உன் அம்மா டார்ச் பிடித்தாள். இன்று காலை சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தது. குமிழைப் பிடுங்கினேன், நட்டு ஒன்று சீட்டுக்கு அடியில் ஓடிவிட்டது. மூன்று காலைக் கண்டுபிடித்தேன். எந்தக் கால் என்று மறந்து நடுக்காலில் ஒட்டினேன். பாட்டு வந்தது, ஆனால் குமிழை எப்படித் திருப்பினாலும் கூடவும் இல்லை, ஒழுங்காகக் குறையவும் இல்லை. ஒரு பழைய பாட்டுக் கேசட்டைப் போட்டுத்தான் சோதித்தேன், உன் கேசட்டை அதுவரை தொடவில்லை. விரலைச் சுட்டுக்கொண்டேன். “ஓரத்துக் கால்னுதானே புள்ள சொல்லுவான்” என்றாள் உன் அம்மா. அவளுக்கு எப்படித் தெரியும்? நீ செய்யும்போது அவளும் எங்கோ நின்று பார்த்திருக்கிறாள். நடுக்காலில் இருந்து பிரித்து ஓரக்காலில் ஒட்டினேன். புது பேட்டரி போட்டேன். பாட்டு சுத்தமாக வந்தது. மத்தியானம் ஆகிவிட்டது.

உன் அம்மா பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். எஞ்சினைப் போடவில்லை, இருந்தாலும் என் வழக்கப்படி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். கேசட்டைப் போட்டேன். அதே பாட்டு, அதே இடத்தில் டொக். என் கை தானாக ஒயர் பக்கம் போனது. பிடித்து இழுத்துத் தொடையில் வைத்துக்கொண்டேன்.

“அப்பா, லெட்டர பாத்துட்டேன். ரேடியோவுக்குப் பின்னால இருந்திச்சி. நீங்க செஞ்சது ஏன்னு எனக்கு வெளங்குது. வீடு போயிரும்னு பயம். எனக்கும் பயமாத்தான் இருக்கு. கோவமும் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். அத அப்பறமா பேசிக்கலாம். இப்ப ஒரு வழி இருக்கு, கேளுங்க. ஆயாக் கொட்டாயில ஆள் கேக்குறாங்க. புள்ளைங்களப் பாத்துக்கிற வேலைதான், வெயில்ல நிக்க வேணாம். அம்மாகிட்ட கேட்டேன், அம்மா சரின்னுருச்சி. செக்ரோல்ல அம்மா பேர் இருந்தாலும் வீடு நிக்குமாம், கிராணி ஐயாவையும் கேட்டுட்டேன். ரெண்டே வருஷம்பா. அம்மா வேலைக்குப் போறது ஒங்களுக்குப் புடிக்காதுன்னு தெரியும். நேர்ல சொன்னா பாதியிலயே கத்துவீங்க. அதனாலதான் இதுல பேசுறேன். இதோட நா பேச மாட்டேன். பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். போய்ட்டு வான்னு ஒரு வார்த்தை சொன்னா போறேன். சொல்லலன்னா போவல. மறுபடி கேக்கவும் மாட்டேன்.”

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஆனால் நீ பதிவை நிறுத்தவும் இல்லை. வீட்டு ரேடியோவில்தான் பேசிப் பதிந்திருக்கிறாய், லயத்து வீட்டுச் சத்தம் கேட்டது. கோழி ஒன்று, பொதுக் குழாயில் வாளி வைக்கிற சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ பிள்ளையைக் கூப்பிடுவது. அதற்கெல்லாம் நடுவில் நீ மூச்சு விடுவது கேட்டது. நான் பதில் சொல்வதற்காக நீ இடம் விட்டிருக்கிறாய். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, எனக்கு நீளமாக இருந்தது. அன்றைக்குச் சேற்றில் ஒரு மணி நேரம் நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. நீ திட்டு வாங்கக் காத்திருக்கவில்லை. ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாய். நான் ஒயரை இழுத்ததையே நீ பதிலாக எடுத்துக்கொண்டாய்.

“போய்ட்டு வாய்யா” என்றேன். வெறும் காரில், நடு மத்தியானத்தில், சத்தமாகச் சொன்னேன். டொக் என்று கேசட் நின்றது.

உன் அம்மா பின்சீட்டில் இருந்து, “இதெல்லாம் ஒங்களுக்குத் தெரியாதா?” என்றாள். தெரியாது என்றேன். “அப்பா கேட்டுட்டு வேணாம்னுட்டாருன்னு குணா சொன்னான். நீங்க வேணாம்னா நா என்னா செய்யிறது? அந்த வேலைக்கு நா எவ்ளோ ஆசப்பட்டேன் தெரியுமா. அன்னிக்கிக் காலையிலயே ஒரு சேலைய எடுத்து மடிச்சி வச்சிருந்தேன்.” ஆறு வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவள், குணா. ஒரே ஒரு கேள்வி நான் அவளைக் கேட்டிருந்தால் போதும். நீ சுவர் என்று நினைத்ததும் நான் சுவர் என்று நினைத்ததும் கதவுதான். என் பெருமையை அதன் முன்னால் போட்டு நான்தான் அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை, ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பெண் வருவாள், பிள்ளைகள் வரும். அவர்கள் பேச ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்தி, மீதியை நீயே எழுதிக்கொள்ளாதே. நான் எழுதியதில் ஒரு வரிகூட நீ சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. நீ கெட்டதாகச் சொல்லியிருந்தால்கூட, நான் கற்பனை செய்ததைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். மன்னித்துவிடு என்று கேட்கிறேன். இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை, எழுதும்போதே கை கோணுகிறது. போன ஆறு வருஷத்தைத் திருப்பித் தர எனக்கு வழி இல்லை. அந்த இருபத்தொரு வயசுப் பையனிடம் நன்றாகக் கற்றுக்கொள். அவன் மேல் பொறாமைப்படாதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு லீவு கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். பஸ் நிலையத்தில் நான் நிற்பேன், பானெட் மூடியிருக்கும். வீட்டுக்கு நேராகப் போக வேண்டாம். கோபத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று கேசட்டில் சொன்னாயே, அந்த அப்புறம் வந்துவிட்டது. காரில் ஏறியதும் பேச ஆரம்பி. ஜெராம் வரைக்கும் ஓட்டுகிறேன், அது போதாவிட்டால் திருப்பிக்கொண்டு சபாக் வரைக்கும் ஓட்டுகிறேன். நேரில் பேச வராது என்றால் கேசட்டில் பேசிக் கொண்டுவா, ரேடியோ தயாராக இருக்கிறது. நான் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்வேன். நீ முடிக்கிறவரைக்கும் ஒயரில் கை வைக்க மாட்டேன்.